பங்காளி

மார்ச்சிலேயே எழுதிக் கொடுத்துவிட்டோம்,
பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு காசோலை,
முழுப் பங்கு, இருவருக்கு.
மே மாதம் மாலோ கிளம்பிப் போனான்.
கூல்வெனின் தோட்டத்துக்கு
அதை யாரும் சொல்லவில்லை.

வியாழன்தோறும் ஆறரை மணிக்கு
பள்ளிக்கூடத்தின் சைக்கிள் கொட்டகையில்
ஒரு தராசு, ஒரு கரும்பலகை,
பிரெத்தான் மழை.
நான்காம் எண் பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு
சீருடையோடு வரிசையில் நிற்பேன்.
இருவருக்கான கீரை என் கையை நனைக்கும்.

சார்ட் கீரை.
அடுத்த வாரமும் சார்ட்.
மூன்றாம் வாரம் கரும்பலகையில்
அதே சொல்லைக் கூல்வென்
கொஞ்சம் சின்ன எழுத்தில் எழுதியிருந்தான்.
உப்பு வெண்ணெயில் வதக்கினேன்,
முட்டையில் மூழ்கடித்தேன்,
பக்வீட் அடைக்குள் மடித்து
என்னிடமிருந்தே ஒளித்துவைத்தேன்.
தண்டை மட்டும் தனியாக வேகவைத்தால்
மீனுக்குப் பக்கத்தில் உட்காரத் தகுதி வருகிறது
என்பது ஜூன் கடைசியில் தெரிந்தது.
அதற்குள் சார்ட் நின்றுவிட்டது.

நூல்கோலை முதலில் கையில் எடுத்தபோது
எது தலை, எது கால் என்று புரியவில்லை.
தோலைச் சீவி, உப்பில் தொட்டு,
கழுவு தொட்டியருகே நின்றபடியே
முழுசாகத் தின்றேன்.
அன்று இரவுச் சாப்பாடு அவ்வளவுதான்.

காரின் பின்பெட்டியில் மறந்த இரண்டு சுக்கினி
ஒரு வாரத்தில் தண்ணீராகிப் போனதையும்
இருட்டியபின் தோட்டத்து மூலையில்
திருடியைப்போல் புதைத்ததையும்
இங்கேதான் முதல்முறை சொல்கிறேன்.

ஆகஸ்டில் ஆலங்கட்டி.
பட்டாணியாகத் தொடங்கி
வாதுமைக்கொட்டையாக முடிந்தது, இருபது நிமிடம்.
பேருந்தை ரயில் பாலத்தடியில் ஒதுக்கினேன்.
பயணிகள் கைதட்டினார்கள்.
நானும் சிரித்தேன்.

அந்த வியாழன்
பைக்குள் நாலு டர்னிப்,
சல்லடையான லெட்டூஸ் ஒன்று.
விளைச்சலில் பங்கென்றால் நட்டத்திலும் பங்கு,
ஒப்பந்தத்தின் மூன்றாம் வரி;
கையெழுத்துப் போட்டபோது யார் படித்தார்கள்?
காசைத் திருப்பிக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.
ஆசெனோர் மட்டும் லெட்டூஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து,
"ஓட்டைகளையும் சேர்த்தா எடை போட்டாய்?" என்றாள்.
கூல்வென் தராசையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அவள் அந்த லெட்டூஸோடு
வேண்டாமென்று யாரோ விட்டுப்போன இன்னொன்றையும்
எடுத்துக்கொண்டு போனாள்.

ஆசெனோரை எனக்கு முன்பே தெரியும்.
துறைமுகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள்.
நான் இரண்டு நிமிடம் தாமதித்த நாட்களையெல்லாம்
தேதி போட்டு நிர்வாகத்துக்கு அனுப்புகிறவள்.
அவள் நிற்கும் நிறுத்தம் நெருங்கினாலே
என் கால் தானாக அழுத்தும்.

குளிர்காலம் முழுக்க லீக், செலரிக் கிழங்கு, லீக்.
பெரிய பானையில் சூப் வைப்பேன்.
திங்கள் சூப், செவ்வாய் சூப்,
புதன் அதே சூப், கொஞ்சம் க்ரீமோடு.

மறுபடி மார்ச். படிவம்.
முழுப் பங்கா, அரைப் பங்கா?
அரைப் பங்குக்கு இன்னோர் அரை வேண்டும்.
பேனாவைத் திறந்து மூடி, திறந்து மூடி நின்றேன்.
பின்னாலிருந்து ஒரு குரல்:
"ஒரு வருஷமாக இருவருக்கு வாங்கி
ஒருத்தியாகத் தின்கிறாய்.
வெள்ளிக்கிழமை உன் பேருந்தே லீக் நாறுகிறது.
அதையும் எழுதி அனுப்பலாமென்றிருந்தேன்.
என் பெயரையும் போடு."

முதல் வாரம் ஒரே ஒரு முட்டைக்கோஸ்.
என் ஊற்று மூடிமேல் வைக்க முடியாத பெரிசு.
கடைசி நிறுத்தம், எஞ்சின் அணைத்தாகிவிட்டது.
பின் இருக்கையில் நாளிதழை விரித்து
ஆசெனோர் கைப்பையிலிருந்து கத்தி எடுத்தாள்:
"ஒருத்தி வெட்ட, மற்றவள் எடுக்க.
பங்காளிகளுக்கு அதுதான் நியாயம். நீ வெட்டு."

மூச்சைப் பிடித்து, நடுக்காம்பு பார்த்து,
ஒரு வருஷத்தில் கற்ற கையெல்லாம் கூட்டி வெட்டினேன்.
இரண்டு பாதியையும் புரட்டினாள்,
தூக்கிப் பார்த்தாள், முகர்ந்தாள்,
கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள்.
பெரியதை எடுத்துக்கொண்டாள்.
கைக்கடிகாரத்தைப் பார்த்து,
"மூன்று நிமிடம் தாமதம்" என்றாள்.